நில்ஸ் ஸ்வென்சன் பிறக்கவே இல்லை

நில்ஸ் ஸ்வென்சன் செத்ததற்கு ஆதாரம் இருக்கிறது, கல்யாணம் செய்ததற்கு இருக்கிறது, அம்மை குத்திக்கொண்டதற்குக்கூட இருக்கிறது. பிறந்ததற்கு மட்டும் இல்லை. மூன்று மாதமாக தேவாலயப் பதிவேடுகளைக் கணினியில் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிறந்தது 1826, மார்ச் பதினொன்று என்று சாவுப் பதிவில் இருக்கிறது. அந்த வருடப் பிறப்பேட்டிலோ ஸ்வென் என்ற அப்பனுக்கு நில்ஸ் என்று ஒரு பிள்ளையே கிடையாது. பக்கத்து ஊர் ஏடுகளையும் பார்த்துவிட்டேன். பாதிரியாரின் கோழிக் கிறுக்கலைப் படித்துப் படித்துக் கண்தான் எரிந்தது.

இவ்வளவும் ஆல்கொட்டுக்காக. அவருடைய கொள்ளுத்தாத்தாதான் இந்த நில்ஸ். சனிக்கிழமை அவருக்கு எண்பத்தெட்டு வயது. முழுப்பெயர் ஆல்கொட் ராஸ்க். ராஸ்க் என்றால் எங்கள் மொழியில் சுறுசுறுப்பு. மரத்தில் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு, ஏறலாமா வேண்டாமா என்று மறுநாள்வரை யோசிக்கிற மனிதருக்கு இந்தப் பெயர். "எங்க ஆளுங்க யாரு யாருன்னு ஒரு தாள்ல போட்டுக் குடு கண்ணு. உனக்குத்தான் பொறும இருக்கு" என்று வசந்தத்தில் கேட்டார். சரி என்றேன். கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. 'எங்க ஆளுங்க' என்றது மட்டும் உறுத்தியது.

அவர் என்னைப் பெற்றவர் இல்லை. பெற்றவர் கப்பல் வேலைக்குப் போய் இரண்டு தபால் அட்டை அனுப்பினார், அதோடு சரி. நான்கு வயதில் அம்மா என் கையைப் பிடித்து ஆல்கொட் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். தங்கை அன்னெலி அதற்குப் பிறகு பிறந்தவள். அவள் அவரை அப்பா என்பாள், நான் ஆல்கொட் என்பேன். கப்பல்காரரின் லிண்ட்க்விஸ்ட் என்ற பெயரைத்தான் இன்றுவரை போட்டுக்கொள்கிறேன். எங்கள் மொழியில் மாற்றாந்தந்தைக்கு முன்னால் வரும் 'ஸ்டீவ்' என்ற சொல்லுக்கு விறைப்பு என்றும் பொருள் உண்டு. ஆல்கொட் ஒருநாளும் விறைத்தவர் இல்லை. அறுபது வருடமாக விறைத்துக்கொண்டு நின்றது நான்தான்.

திங்கட்கிழமை அன்னெலி போன் செய்தாள்.

"தாள நான் கண்ணாடி போட்டு மாட்டப்போறேன் தூரா. அடிச்சுத் திருத்தி வெக்காத."

"கடைசி வரியில யாரப் போடுறது?"

"இதென்ன கேள்வி, என்னத்தான்." பிறகு அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். "உனக்கு... உங்க ஆளுங்க வேற இல்ல?"

அவள் கெட்டவள் இல்லை. நியாயத்தைத்தான் சொன்னாள். அதனால்தான் வலித்தது.

அந்தக் காலத்தில் எங்கள் ஜனங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயர்தான் பிள்ளைக்கு இனிஷியல் மாதிரி. ஸ்வென்னின் மகன் ஸ்வென்சன், மகள் ஸ்வென்ஸ்டொட்டர். வரிசையில் பத்து ஸ்வென்சன்கள் நின்றால் அதிகாரி யாரைக் கூப்பிடுவான்? அதனால் சிப்பாய்க்குச் சின்னதாக ஒரு பெயர் வைத்தார்கள். அதுவும் ஆளுக்கு இல்லை, அவனுக்குக் கொடுத்த குடிசைக்கு. ஒருவன் போய்ச் சேர்ந்தால் அடுத்தவன் வந்து குடிசையையும் பெயரையும் எடுத்துக்கொள்வான். சில சமயம் விதவையையும்.

இது தெரிந்த நானே கோட்டை விட்டிருந்தேன். போனை வைத்ததும், பையனைத் தேடுவதை விட்டுவிட்டு, ராஸ்க் என்ற பெயருள்ள குடிசையைத் தேடினேன். பாதிரியார் வருடாவருடம் வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் வேதபாடம் கேட்டுக் குறித்துவைத்த ஏடு இருக்கிறது. 1831இல் அங்கே சிப்பாய் மட்ஸ் ராஸ்க். காய்ச்சலில் இறந்ததால் பெயரின் மேல் கோடு. அடுத்த வருடம் வந்த சிப்பாய் ஸ்வென், அவனும் ராஸ்க். மட்ஸின் விதவை ஸ்டீனாவை அவன் மணந்திருக்கிறான். கீழே ஒரு வரி: 'ஸ்டீவ் மகன், நில்ஸ் மட்சன், 1826 மார்ச் 11'. 1837இல் தொடங்கும் அடுத்த ஏட்டுக்குப் போனேன். அதே குடிசை, அதே தேதி, அதே பாதிரியாரின் கிறுக்கல். 'மகன், நில்ஸ் ஸ்வென்சன்'.

பையனுக்கு அப்போது பதினொரு வயது. நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அழுகை வந்தது. யாரோ சிப்பாய் வீட்டுக் கதைக்கு அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

புதன்கிழமை மதியம் தாளோடு ஆல்கொட் வீட்டுக்குப் போனேன். காபியும் ஏலக்காய் பன்னும் வைத்திருந்தார். நான் நடந்ததைச் சொல்லி, இரண்டு பக்கங்களின் நகலையும் நீட்டினேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"அப்போ ஸ்வென் எங்க ரத்தம் இல்ல."

"இல்ல."

"பேர மாத்தச் சொன்னது யாரு, பையனா, இவனா?"

"அது எழுதல ஆல்கொட்."

பன்னைப் பிட்டு காபியில் நனைத்தார். அதைத் தின்று முடித்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

"ஸ்வென் கேட்டிருக்க மாட்டான்" என்றார்.

"எப்படிச் சொல்ற?"

"அத எப்படிக் கேக்குறது கண்ணு? அவன் அப்பன் செத்த வீட்லயே இருந்துக்கிட்டு, என்ன அப்பான்னு எழுதிக்கடான்னு கேக்க வாய் வருமா? கேட்டா பையனால வேண்டாம்னு சொல்லவும் முடியாது." பூதக்கண்ணாடியை உறையில் போட்டார். "சோறு போடலாம், செருப்பு வாங்கித் தரலாம். அப்புறம் சும்மா இருக்கணும். பையன் வந்தா வருவான்."

"வரலன்னா?"

"வரலன்னாலும் செருப்பு வாங்கித்தானே ஆகணும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை மேசையில் விரித்தேன். மட்ஸ், ஸ்வென், நில்ஸ் என்று இறங்கி, கடைசியில் ஆல்கொட், அவருக்குக் கீழே அன்னெலி. அவள் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் இடம் இருந்தது. பேனாவைத் திறந்து, 'தூரா' என்று எழுதினேன். லிண்ட்க்விஸ்ட் என்று கை தன் பாட்டுக்குப் போகப் பார்த்தது. நிறுத்தி, 'ஆல்கொட்ஸ்' என்று ஆரம்பித்தேன்.

ஆல்கொட் காபிக் கோப்பையை எட்டத் தள்ளிவைத்துவிட்டு, தாள் நகராமல் மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"நெருக்கி எழுதாத" என்றார். "எடம் இருக்கு."

இடம் இல்லை. ஆல்கொட்ஸ்டொட்டர் நீளமான பெயர். பாதியில் தாள் முடிந்துவிட்டது. மிச்ச எழுத்துகளை ஓரத்தில் திருப்பி, அவர் சுண்டுவிரலை ஒட்டி, மேல்நோக்கி எழுதிக்கொண்டு போனேன்.