இடது பக்கம், இறக்கைக்குப் பின்னால்

சாந்தோமில் பெண்கள் பள்ளி ஒன்றில் பதினான்கு வருடமாகப் பூகோளம் நடத்திவந்த கரோல் டீச்சர் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்பதை மொட்டைமாடியில் நின்றே தீர்மானித்துவிட்டாள்.

1994 பிப்ரவரி. பெங்களூரில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. டிக்கெட் அனுப்புகிறோம், காலை விமானமா மாலை விமானமா என்று பயிற்சி நடத்துபவர்கள் கேட்டு எழுதியிருந்தார்கள். கரோல் உடனே பதில் போடவில்லை. ஒரு வாரம் இரண்டு வேளையும் மாடிக்குப் போய்ப் பார்த்தாள். காலையில் கொடியில் கிடந்த புடவைகள் கடல் பக்கம் பறந்தன. அப்போது விமானங்கள் கடலிலிருந்து வந்து, அடையாற்று முகத்துவாரத்தைத் தாண்டி மீனம்பாக்கத்தில் இறங்கின. மதியம் கடற்காற்று எழுந்ததும் புடவைகள் திரும்பிக்கொண்டன. விமானங்களும் அப்படித்தான். முகத்துவாரத்தின் மேலாக ஏறிக் கடலுக்குப் போயின. பெங்களூர் விமானம் அங்கே இடது பக்கம் சாய்ந்து, ஊரை அரைவட்டமாகச் சுற்றி மேற்கே போயிற்று.

மாலை விமானம் என்று பதில் எழுதினாள்.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் அஸ்மத்துன்னிசா என்று சட்டையில் குத்தியிருந்தது.

"ஜன்னல்தானே மேடம்? வலது பக்கம் தரேன். நிழலா இருக்கும்."

"இடது பக்கம் குடுங்க. இறக்கைக்குப் பின்னாடி."

"வெயில் அடிக்கும், சத்தமும் ஜாஸ்தி."

"அடிக்கட்டும். பரவாயில்லை."

21ஏ கிடைத்தது. பக்கத்து இருக்கைக்கு வந்தவர் மயிலாப்பூர் வக்கீல் ஸ்ரீனிவாசராகவன். உட்கார்ந்ததுமே கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"அந்த மறைப்பை இறக்கிடுங்கோளேன், மூஞ்சியிலேயே அடிக்கறது."

"கிளம்பி பத்து நிமிஷம் பொறுங்க சார். அப்புறம் மூடிடறேன்."

"என்னத்தைப் பார்க்கப் போறேள்? ஆறு வருஷமா மாசம் ரெண்டு தடவை போயிண்டிருக்கேன். ரெண்டு ஏரி, கொஞ்சம் பொட்டல். அவ்வளவுதான்."

"காலையிலதானே போவீங்க?"

"ஆமா, ஆறரை மணிக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப மேற்கே பார்த்துக் கிளம்பும். இப்ப கிழக்கே. ரெண்டு நிமிஷத்துல மயிலாப்பூரே இந்த ஜன்னல்ல தெரியும், பாருங்க."

"பைலட் வந்து சொன்னானா?"

"காத்து எந்தப் பக்கம்னு பார்த்தா போதும் சார்."

அவர் சிரித்தார். விமானம் நகர்ந்து மேற்கு நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. "பார்த்தேளா, மேற்கேதான் போறது!" என்றார். கரோல் பதறவில்லை. "ஓடறதுக்கு இடம் வேணுமே. இப்ப திரும்பும்."

ஓடுபாதையின் கோடியில் விமானம் நின்று, முழுசாகத் திரும்பியது. அவர் முகத்திலிருந்த வெயில் நகர்ந்து பின்னால் போயிற்று. ஸ்ரீனிவாசராகவன் கண்ணிலிருந்து கையை எடுத்தார்.

சைதாப்பேட்டைப் பாலமும் தி.நகர் மாடிகளும் கீழே வழுக்கிக்கொண்டு போயின. கடல் வந்ததும் இடது இறக்கை சாய்ந்தது. ஊர் மொத்தமும் ஜன்னலுக்குள் ஏறி வந்தது. சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் விரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. இறக்கைக்குப் பின்னால், அவள் நினைத்த இடத்திலேயே முகத்துவாரம். கரும்பலகையில் எப்போதும் அகலத் திறந்த வாயாகத்தான் அதை வரைவாள். இங்கே மணல் திட்டு குறுக்கே வளர்ந்து, ஒரு நூல் இடைவெளிதான் விட்டிருந்தது. பதினான்கு வருடம் தப்பாக வரைந்திருக்கிறோம் என்று தெரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இல்லை. நேரில் பார்த்துவிட்டோமே என்று, விரலால் ஜன்னல் கண்ணாடியிலேயே அந்த மணல் திட்டை வரைந்துகொண்டாள்.

"குளம்!" என்று கத்தினார் வக்கீல். "கபாலி கோவில் குளம்னா அது! எவ்வளவு சதுரமா இருக்கு!"

கரோல் நன்றாகப் பின்னால் சாய்ந்து அவருக்கு இடம் விட்டாள். அவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, மாட வீதியில் தன் வீட்டு மாடியைத் தேடினார். அது தட்டுப்படுவதற்குள் விமானம் நிமிர்ந்துவிட்டது.

மேற்கே திரும்பியதும் வெயில் மறுபடி உள்ளே வந்தது. "மூடிடட்டுமா சார்?"

"ஐயோ, வேண்டாம். வேறே ஏதாவது தெரியுமோ என்னமோ!"

பெங்களூரில் இறங்குமுன் பேனாவை எடுத்தார். "வெள்ளிக்கிழமை காலைல திரும்பி வரேன். எந்தப் பக்கம் கேக்கணும்?"

"காலையில கடற்காத்து எழும்புறதுக்கு முன்னாடின்னா கடல் பக்கமா வந்து இறங்கும். வலது பக்கம் கேளுங்க. இதே மாதிரி பின்வரிசை."

போர்டிங் பாஸின் பின்பக்கம் அதை எழுதிக்கொண்டார். "ஆத்துக்காரியையும் ஒரு தரம் கூட்டிண்டு வரணும்" என்றார்.