தன் சாவுக்குக் கறுப்பு உடுத்தியவள்

1

இந்தக் கதையை எழுதும் நான் பிறக்கவே இல்லை. நானாகச் சொல்லவில்லை, மெல்பேணில் இருக்கும் ஒருவர் ஆதாரத்தோடு சொல்கிறார்.

போன மாதம் அவர் எனக்கு எழுதினார். மட்டக்களப்பில் ஐரோப்பியக் கலப்பில் வந்த பறங்கியர் குடும்பங்களைப் பற்றி நான் எங்கோ எழுதிய கட்டுரை அவர் கண்ணில் பட்டதாம். தங்கள் மூதாதை ஜேர்மன் மொழி பேசும் ஊரொன்றிலிருந்து ஒல்லாந்தக் கம்பனிச் சிப்பாயாக வந்தவர், பெயர் யோஹான் வொல்மர், புளியந்தீவில் குடும்பத்தின் பழைய வீடு இன்னும் நிற்கிறதா, பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். கூடவே ஒரு வம்ச மரம். அழகான மரம்தான். அடியில் யோஹான். உச்சிக்குக் கிட்ட ஒட்டோ. ஒட்டோவுக்கு இரண்டு கிளை. றோய் என்ற கிளை தழைத்து, பேரனான இவர்வரை போகிறது. பிறீடா என்ற கிளையில் ஒரே வரி: 'இளம் வயதில் இறந்தார். சந்ததி இல்லை.'

பிறீடா என் அம்மாவைப் பெற்றவள்.

ஆக, இல்லாத சந்ததியின் சந்ததி நான். பிறக்காதவளுக்கு ஒரு வசதி உண்டு. யாருக்கும் பயப்படத் தேவையில்லை.

2

முதலில் ஒழுங்காகத்தான் தொடங்கினேன்.

[ஆயிரத்து எழுநூற்று எண்பத்தாறாம் ஆண்டின் ஒரு மழைநாளில், கோட்டை வாசலில் வந்திறங்கிய அந்தப் பொன்னிறத் தலைமயிர் இளைஞன், வாவியைப் பார்த்ததும்...]

பார்த்ததும் என்ன? அவன் தலையில் பொன்னிற மயிர் இருந்ததா, மயிரே இருந்ததா, ஆண்டவனுக்கே வெளிச்சம். நிறுத்திவிட்டேன்.

[ஒட்டோ வொல்மரின் பட்டறையில் எழுந்த சம்மட்டியோசை அந்தத் தெருவையே...]

இதுவும் வேண்டாம். பட்டறை வந்தால் வியர்வை வரும். வியர்வை வந்தால் உழைப்பின் மகிமை வரும். பிறகு நான் எழுத வந்ததை எழுத விடாது. ஒட்டோ இரும்படித்தார். செட்டிபாளையத்துத் தமிழ்ப்பெண் கண்ணகையை விரும்பிக் கட்டினார். இரண்டு பிள்ளைகள் பெற்றார்கள். பிறகு தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்தார்கள். இந்தக் கதைக்கு அவ்வளவும் காணும்.

(மகன் றோய் ஒட்டோவை உரித்து வைத்தவன். மகள் பிறீடா கண்ணகையின் அச்சு: அதே கறுப்பு, அதே நெற்றி, அதே வாய். வாய் என்று நான் சொல்வது உதட்டை அல்ல.)

(இன்னொரு அடைப்புக்குறி. எங்கள் பகுதியில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழி. தாய்க்கு எந்தக் குடியோ அதுதான் பிள்ளைக்கும். அந்தக் கணக்கில் மரத்தை வரைந்தால் கண்ணகை, பிறீடா, அம்மா, நான் என்று ஒரே நேர்கோடு. யோஹான் வொல்மர் வந்து போன விருந்தாளி. அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்கலாம், அதற்குமேல் இல்லை.)

3

கதை உண்மையில் தொடங்குவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டில். பிறீடாவை இங்கே அம்மம்மா என்று அழைக்கமாட்டேன். இந்தக் கதையில் அவளுக்கு முப்பத்தொரு வயது. ஒரு கிழவியைக் காட்டி உங்களிடம் இரக்கம் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அரசாங்க வேலைக்குச் சிங்களம் வேண்டும் என்று சட்டம் வந்தபின் பறங்கியர் வீடுகளில் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். அவுஸ்திரேலியா கதவைத் திறந்தது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. ஐரோப்பிய இரத்தம் எவ்வளவு என்று கேட்டது. பதிலை முகத்திலும் தேடியது. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கராக இருந்த றோய், மனைவி பீற்றிசோடு நேர்முகத்துக்குக் கொழும்பு போனான். பீற்றிசின் தங்கை ஜோசப்பினும் கூடப் போனாள். ஜோசப்பினுக்கு ஓட்டை வாய். திரும்பி வந்த மறுநாளே பிறீடாவின் குசினியில் வந்து நின்றாள்.

"நான் சொன்னன் எண்டு சொல்லிப்போடாதகா."

"என்னத்த?"

"அந்தத் துரை கேட்டான், கூடப்பிறந்த ஆக்கள் இருக்காங்களா எண்டு. உன்ட தம்பி, ஒரு அக்கா இருந்தா, செத்துப்போனா எண்டிட்டான்."

பிறீடா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எப்ப செத்தனாம்?"

"சின்ன வயசிலயாம்."

"என்ன வருத்தமாம்?"

"அத அவன் கேட்கல்ல."

"கேட்டிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்."

ஜோசப்பின் போனபிறகுதான் பிறீடா கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. வெட்கப்பட வேண்டியவள் நானல்லவே என்று நினைத்ததும் கோபம் வந்தது. பிறகு அது போகவே இல்லை.

இந்த இடத்தில் றோயை வில்லனாக்கப் பார்த்தேன். மீசைகூட வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில், நிறைமாதமாக இருந்த பிறீடாவைத் தோணியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்கென்று வாவியில் துடுப்பு வலித்தவன் அவன். பாதி வழியில், தோணியிலேயே பிள்ளை பிறந்தது. போட்டிருந்த சேட்டைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். அந்தப் பிள்ளை என் அம்மா. 'சந்ததி இல்லை' என்று பிறகு எழுதப்பட்ட சந்ததியை முதன்முதலில் கையில் ஏந்தியவன் றோய்தான். கெட்டவன் செய்திருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். நல்லவன் செய்ததால்தான் இவ்வளவு பாடு.

4

விசா கிடைத்தது. கப்பலுக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் புளியந்தீவு வீட்டில் பிரியாவிடை. பிடில் வாசிக்க லம்பேட் அங்கிள் வந்திருந்தார். பறங்கியர் ஆட்டமான கபிரிஞ்ஞா ஆடக் கூடத்துக் கதிரைகளைச் சுவரோடு ஒதுக்கியிருந்தார்கள். றோய் பிறீடாவையும் அழைத்திருந்தான். (ஓம், அழைத்திருந்தான். கொழும்பில் சொன்னது கொழும்போடு போயிற்று என்று நினைத்தான். மனிதன் இப்படித்தான் தன்னோடு சமாதானமாக இருக்கிறான்.)

பிறீடா கறுப்புக் கவுணில் வந்தாள். கண்ணகை செத்தபோது தைத்தது, இடுப்பில் இறுக்கியது. தலையிலும் கறுப்புத் துணி. ஒதுக்கியிருந்த கதிரை ஒன்றை இழுத்து, கூடத்துக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

(தெரியாதவர்களுக்கு: அந்தத் தெருவில் துக்கமுள்ள வீட்டில் பிடில் எடுக்கமாட்டார்கள். வீட்டுச் சொந்தத்தில் ஒருத்தி கறுப்பு உடுத்தி இருக்கும்போது வாசிப்பது செத்தவரை மிதிக்கிற மாதிரி.)

லம்பேட் அங்கிள் பிடில் வில்லைத் தாழ்த்தினார்.

"ஆருகா செத்தது, பிறீடா?"

"நான்தான் அங்கிள்."

யாரோ சிரித்தார்கள். பீற்றிஸ் சிரிக்கவில்லை. "மச்சாள், இண்டைக்கு வேணாம். எல்லாரும் பார்க்காங்க," என்றாள்.

"பார்க்கட்டும். செத்தவளப் பார்க்கத்தானே சனம் வாற. தம்பி கொழும்பில சொல்லியிருக்கான், நான் சின்ன வயசிலயே செத்திட்டன் எண்டு. எனக்கு ஒருத்தரும் துக்கம் காக்கல்ல. மறுகா என்ன, நானே காப்பம் எண்டு வந்தன்."

றோய் அறையிலிருந்து வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது. கொழும்புத் துரை கண்டிருந்தால் இன்னும் திருப்திப்பட்டிருப்பார்.

"அக்கா, பிள்ளைகளுக்காகச் சொன்னன். உங்களக் கண்டா எங்கள விடமாட்டாங்க."

"என்னையா, என்ட தோலையா?"

அவன் பார்வை பீற்றிசிடம் போனது.

"போ தம்பி. நல்லாப் போ. நான் ஒருத்தருக்கும் எழுதிப் போடமாட்டன். ஆனா இந்தக் கூடத்தில, இந்த ஆக்களுக்கு முன்னால, ஒரு சொல்லுச் சொல்லு. என்ட அக்கா உசிரோட இருக்கா எண்டு சொல்லு. சொன்னா முதல் ஆட்டம் நான்தான் ஆடுவன். சொல்லாட்டி இது செத்த வீடு. பிடில் பெட்டிக்குள்ள போகட்டும்."

சின்னச் சொல்தான். ஆனால் அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்தவர்கள். வீம்புக்கு ஒருவர் கொழும்புக்கு எழுதிப்போட்டால் றோயின் விசா காற்றில் போகும். அவர்களுடைய வீடுகளிலும் ஒளித்து வைத்த அக்காமார் இருந்தார்கள். பின்னறையில் இருத்திய தாய்மார் இருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை.

றோய் வாயைத் திறந்தான்.

5

இங்கே கதை பிளக்கிறது. எழுதுகிறவள்மேல் பழி இல்லை. சொன்னவர்கள் இரண்டு பேர்.

(அ) ஜோசப்பின் சொன்னது. றோய் பிறீடாவின் முன்னால் முழந்தாளிட்டு, ஊர் கேட்க, "என்ட அக்கா உசிரோட இருக்கா," என்று கத்தினான். பிடில் முழங்கியது. கறுப்புக் கவுணோடேயே பிறீடா ஆடினாள். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

(ஆ) பிறீடா சொன்னது. திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான். லம்பேட் அங்கிள் பிடிலைப் பெட்டிக்குள் வைத்துக் கொளுக்கியைப் போட்டார். செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது 'வாறன்' என்று சொல்லக்கூடாது. அன்றைக்கு வந்தவர்களில் ஒருவரும் றோயிடம் அப்படிச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார்கள்.

(இ) நான் எழுத ஆசைப்பட்டது. பிறீடா பிடிலைப் பிடுங்கித் தானே... வேண்டாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அதைச் சினிமாக்காரருக்கு விடுவோம்.

ஜோசப்பினின் முடிவு இனிப்பானது. அது உண்மையென்றால் அந்த வரி மரத்தில் எப்படி ஏறியது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஊரில் உண்மை சொன்னவன் போன இடத்தில் ஊமையாவதும் உண்டுதானே. ஆகவே இரண்டையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

6

ஒன்றில் மட்டும் சந்தேகமில்லை, அம்மா கண்ணால் கண்டது. எழுபத்துநாலாம் ஆண்டு மெல்பேணிலிருந்து தந்தி வந்தது: றோய் இறந்துவிட்டான். பிறீடாவின் வீட்டில் சனம் கூடியது. கறுப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் மஞ்சள் பூப்போட்ட கவுணைக் கண்டு திகைத்தார்கள். கேட்கத் துணிந்தது கணவன் யோசேப் மட்டும்தான்.

"கறுப்பு உடுத்தல்லையா?"

"செத்தவள் துக்கம் காப்பாளா?" என்றாள் பிறீடா. பிறகு, கூட்டத்தில் நரைத்துப்போய் நின்ற லம்பேட் அங்கிளைப் பார்த்தாள். "அங்கிள், பிடில எடுத்து வாங்க. அவன் போறதுக்கு ஒருக்கா வாசிச்சு விடுங்க."

அவர் கொண்டுவந்து வாசித்தார். பிறீடா வாய்விட்டு அழுதாள். "தோணி வலிச்ச பொடியன், தோணி வலிச்ச பொடியன்" என்று நெஞ்சில் அடித்து அழுதாள். அவர் தயங்கி நிறுத்தினபோது, "நிப்பாட்டாதங்க," என்றாள்.

7

மெல்பேண்காரரின் கடிதத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. பிறீடா இறந்த ஆண்டு தங்களிடம் இல்லையாம். கல்லறைகளில் தேடிப் பார்க்க முடியுமா?

முடியும். ஆண்டு தெரியும், கல்லறையும் தெரியும், போன ஞாயிறுகூடப் பூ வைத்துவிட்டு வந்தேன். சொல்லமாட்டேன். மெல்பேண்காரரே, உங்கள் மரத்தில் அவளை ஒருமுறை கொன்றது காணும். இந்தக் கதைக்குள் அவள் சாகப்போவதில்லை.

பதிலாக இதையே அனுப்புகிறேன். தமிழ் தெரிந்த ஒருவரைப் பிடித்து வாசிக்கச் சொல்லுங்கள். வீடு நிற்கிறது, கூடமும் நிற்கிறது. உங்கள் தாத்தா இன்னும் அங்கே வாயைத் திறந்தபடிதான் நிற்கிறார். நான் அவரை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். வந்து நின்று, அவருக்குப் பதிலாக அந்த ஒரு சொல்லை நீங்கள் சொல்லுங்கள், அல்லது சொல்லாமல் போங்கள்.

பிடில்காரருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நான் கறுப்போடு இருப்பேன்.