சனி, ஞாயிறு இலவசம்

அதுவரை லபக் நகரத்தில் மின்சாரம் ஒரே கடைச் சரக்கு. நகராட்சி கொடுத்தது, ஊர் வாங்கியது. அந்தக் குளிர்காலத்தில்தான் இனி அவரவர் கம்பெனியை அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. பெரிய அரங்கு ஒன்றில் கம்பெனிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, பேனாவும் துணிப்பையும் கொடுத்து ஆள் பிடித்தார்கள்.

அங்கே தலையைச் சொறிந்துகொண்டு நின்ற கூட்டத்தில் ஒராலியா இல்லை. தயங்குவது அவளுக்குப் பழக்கமே கிடையாது. பெண்களின் பதினைந்தாவது பிறந்தநாள் விழாவுக்கு அடுக்கடுக்காகக் கவுன் தைப்பதில் ஊரின் வடபக்கம் முழுக்க அவள் பெயர்தான். "சனி, ஞாயிறு மின்சாரம் முழுக்க இலவசம்" என்ற பலகை கண்ணில் பட்டதும் நேராக அந்த மேசைக்கு நடந்தாள்.

"கொஞ்சம் நில்லு, மத்த மேசையையும் பாத்துடலாம்" என்றான் புருஷன் சானோ.

"இலவசத்துக்கு மேல எதைப் பாக்கப்போற? வேற எவனாவது நமக்குக் காசு குடுத்துக் கரண்ட் தர்றானா?"

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள் சர்ச்சில் சொன்னாள், இறைச்சிக் கடையில் சொன்னாள். பக்கத்து வீட்டு வைனெல்லிடமும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னாள். அதுதான் ஆச்சரியம், ஏனென்றால் இருவருக்கும் பேச்சுவார்த்தை அதிகம் கிடையாது. ஒராலியா வாசலில் வைத்த தையல் போர்டைப் பற்றி வைனெல் ஒருமுறை நகராட்சியில் புகார் சொல்லி எடுக்க வைத்திருந்தாள். அதிலிருந்து தலையசைப்பு மட்டும்தான். வைனெல் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், ஏறக்குறைய ஒராலியாவின் வயதுதான், தனியாக இருந்தாள்.

"நான் எல்லா நாளும் ஒரே விலை இருக்கிறதை எடுத்துக்கிட்டேன்" என்றாள் வைனெல்.

"ஐயோ பாவம், சனி ஞாயிறுக்கும் காசு குடுக்கணுமே!" என்று சிரித்துவிட்டு ஒராலியா உள்ளே போனாள்.

ஜூன் வந்தது. வெயில் செம்மண்ணைப் புழுதியாக்கி ஊர்மேல் தூவியது. ஒராலியாவுக்கு விழாக் காலம். கூடத்தில் இரண்டு தையல் மிஷின், நீராவி இஸ்திரி, நாள் முழுக்க ஏசி. ஏசி இல்லாவிட்டால் வியர்வை சாட்டின் துணியில் கறையாக இறங்கிவிடும். அந்த மாதத்து பில்லைப் பார்த்தவள் சமையலறை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சனி, ஞாயிறு இலவசம் என்றது பொய்யில்லை. மீதி ஐந்து நாளும் யூனிட்டுக்கு வைனெல் கொடுப்பதைப்போல் இரண்டு பங்கு. அவள் வேலை முழுக்க அந்த ஐந்து நாளில்தான்.

கம்பெனிக்கு போன் போட்டாள். எடுத்த பெண் தேனாகப் பேசினாள். "தாராளமா விலகலாம்மா. ஆனா நடுவுல விட்டா நூத்தியெழுபத்தஞ்சு டாலர் அபராதம் இருக்கு. உங்க ஒப்பந்தத்துலயே போட்டிருக்கே."

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டான் சானோ.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் ஒராலியா. பார்த்துக்கொள்ளவும் செய்தாள், தன் பாணியில். தையலையெல்லாம் சனி, ஞாயிறுக்குத் தள்ளிப் பார்த்தாள். ஆனால் விழாக்கள் நடப்பதும் சனிக்கிழமைதான். மண்டபத்துக்குப் போய்ப் பிரிந்த கொக்கியைத் தைப்பதா, வீட்டில் உட்கார்ந்து அடுத்த கவுனை முடிப்பதா? தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வீட்டு ஏசியை அணைத்துவிட்டு, வாசலில் நின்ற பிக்கப் வண்டியில் ஏறி, அதன் ஏசியைப் போட்டுக்கொண்டு மணி கோக்க உட்கார்ந்தாள். நீலக் கவுன் வண்டி முழுக்கப் பொங்கி ஸ்டியரிங்கையே மூடிவிட்டது.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். வைனெல்.

"வண்டி எங்கயாவது கிளம்புதா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு நின்ன இடத்துலயே உறுமிக்கிட்டிருக்கு? புகை பூரா என் ஜன்னலுக்குத்தான் வருது. வீட்ல ஏசி ரிப்பேரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்ததை ஒராலியா விழுங்கினாள். "ஏசி நல்லாத்தான் இருக்கு. என் புத்திதான் ரிப்பேர். அந்த இலவசத்துக்கு வாரத்துல அஞ்சு நாள் தண்டம் கட்டிக்கிட்டிருக்கேன்."

வைனெல் சிரிப்பாள் என்று காத்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. வண்டிக்குள் பொங்கிக் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் கையாலயா கோத்தீங்க?"

"பின்ன?"

"என் வீட்ல ஏசி எப்படியும் ஓடுது. ஒருத்தி இருந்தாலும் ரெண்டு பேர் இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதான். மிஷினைத் தூக்கிட்டு வாங்க."

"சும்மா வந்து உக்கார மாட்டேன்."

"சும்மான்னு யார் சொன்னா? சனிக்கிழமையானா என் அழுக்குத்துணி உங்க வீட்டுக்கு வரும். கரண்ட் அடுப்பு வேலையும் அங்கதான்."

ஒராலியாவுக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. "போர்டும் எடுத்துட்டு வரவா?"

"வச்சுத்தான் பாருங்களேன்!"

அந்தக் கோடை அப்படித்தான் போனது. வார நாட்களில் வைனெல்லின் கூடத்தில் மிஷின் ஓடியது. சனி, ஞாயிறில் ஒராலியா வீட்டில் துணி உலர்த்தும் எந்திரம் ஓயாமல் சுற்ற, ஓவனில் பெக்கான் கொட்டை இனிப்பும், அடுப்பில் சோளமாவுத் தமாலேயும் அடுத்த வாரம் முழுமைக்கும் வெந்தன. சானோவுக்கு பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. ரேடியோவில் எந்தப் பாட்டு வைப்பது என்று பெண்கள் இருவரும் தினமும் சண்டை போட்டார்கள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே தெரியாது. வைனெல் மணி கோக்கவும் பழகிக்கொண்டாள். கோணலாகப் போனதை ஒராலியா பிரித்துப் போட்டால் மட்டும் முறைப்பாள்.

"நீ எப்படித்தான் சரியானதைப் பிடிச்ச?" என்று ஒருநாள் கேட்டாள் ஒராலியா.

"பழைய பில்லையெல்லாம் வச்சு எந்த மாசம், எந்த நேரம் எவ்ளோ ஓடுதுன்னு பாத்தேன். அப்புறந்தான் அரங்குக்கே போனேன். நீ முதல்ல கையெழுத்தைப் போட்டுட்டு, அப்புறம் வீட்டைப் பாத்த."

"குத்திக் காட்டாம ஒரு பதில் சொல்ல வராதே உனக்கு!"

பிப்ரவரியில் கம்பெனி தகவல் அனுப்பியது: ஒப்பந்தம் முடியப்போகிறது, பதில் வராவிட்டால் மாதாமாதம் ஏறி இறங்கும் விலைக்கு அவர்களே மாற்றிவிடுவார்கள். இந்த முறை ஒராலியா அசட்டையாக இல்லை. கடைசி இரண்டு வாரத்துக்குள் மாறினால் அபராதம் கிடையாது என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டாள். எதை எடுப்பது என்று ஒராலியா வீட்டில் அவளும் வைனெல்லும் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

நகராட்சி ஆள் மாதிரியே ஆரஞ்சு மேல்சட்டை போட்ட நடுவயதுக்காரர். "வணக்கம்மா, இந்தத் தெருவுல எல்லாருக்கும் விலை குறையுது. உங்க பில்லைக் கொஞ்சம் காட்டினா இப்பவே சரிபண்ணிடலாம்."

"கதவைத் தட்டினது நீங்க. உங்க காகிதத்தைத்தான் முதல்ல காட்டணும்" என்றாள் ஒராலியா. பில்லில் உள்ள எண் கையில் கிடைத்தால் சிலர் கேட்காமலே கம்பெனியை மாற்றிவிடுவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"யூனிட்டு ஒம்பது சென்ட்தாம்மா!"

"எவ்ளோ ஓடினா?"

"ஆயிரம் யூனிட் ஓடினா."

"ஒண்ணு குறைஞ்சா?"

அவர் தன் காலணியைப் பார்த்தார். "அப்ப... அந்தத் தள்ளுபடி வராது."

"ஏப்ரல்ல என் வீட்ல அதுல பாதிகூட ஓடாது. அப்ப என்ன விலை?"

"பதினாறு... வரும்."

உள்ளேயிருந்து வைனெல்லின் குரல் வந்தது. "ஏன் சார், நீங்க நகராட்சி ஆளா? சட்டை அப்படித்தான் சொல்லுது."

"இல்லம்மா, கம்பெனி குடுத்த சட்டை" என்றார் அவர். பிறகு அவரே சிரித்துவிட்டார். "காலைலேர்ந்து இத்தனை கேள்வி யாரும் கேக்கல."

"இனிமே கேப்பாங்க. தெருவுல எல்லாருக்கும் சொல்லப்போறேன்" என்றாள் ஒராலியா. வெளியே காற்று புழுதியை வாரிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு டம்ளர் ஐஸ் டீ கொடுத்து அனுப்பினாள்.

அன்று சாயங்காலமே ஒரே விலைத் திட்டம் ஒன்றை எடுத்தாள். அதிலும் அக்டோபரில் முடிகிற மாதிரி பார்த்து எடுத்தாள். கொதிக்கிற ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிந்தால் புது விலை கழுத்தை நெரிக்கும். சானோ பக்கத்தில் நின்று பார்த்தான். கொஞ்சம் நில்லு என்று சொல்ல அவனுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

மறு திங்கட்கிழமை வைனெல் வேலியருகே வந்தாள். "இப்ப உனக்கும் எனக்கும் விலை ஒண்ணாயிடுச்சு. மிஷினை எடுத்துக்கப் போறியா?"

ஒராலியா மடித்த சிவப்புத் துணியை அவள் கையில் திணித்தாள். "உன் கூடத்துலதான் வெளிச்சம் நல்லாருக்கு. நட, வேலை கிடக்கு."