இரண்டு நீலக்கொடி

அந்தக் கடையில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, சொந்த நாத்தனார்தான். வெளியே கூடத்தில் தட்டுத் தூக்குகிறவள் நாத்தனார், உள்ளே கல்லடியில் நின்று கறி சுடுகிறவள் இவள். "எங்க அண்ணி பூனை குறுக்க வந்தாக்கூட மன்னிப்பு கேட்டுட்டுதான் நகருவாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நாத்தனார் சொல்லுவாள். அண்ணி மறுத்ததில்லை. உள்ளதைத்தானே சொல்கிறாள்.

என்னைக் கேட்டால், சமையலறையைப் பயப்படுகிறவர்கள் கையில்தான் ஒப்படைக்க வேண்டும். தைரியசாலி பாதி வெந்த கறியைப் பரவாயில்லை என்று அனுப்பிவிடுவான். இவள் வெந்த கறியையே இரண்டு தடவை அழுத்திப் பார்ப்பாள். மூடின குளிர்பெட்டியைத் திரும்பப் போய் மூடுவாள். பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுக்கிற ஆள், அவருக்கே உருளை என்றுதான் பெயர், "அந்தப் பெட்டிக்கே உன்மேல சலிப்பு வந்திருக்கும்" என்பார்.

அவளுடைய பயங்களுக்குள் பெரிய பயம் பதினாலாம் மேசை.

கடை பாதி பர்கருக்கு, பாதி விளையாட்டுப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு. கூடத்தில் ஒன்பது திரைகள். சனிக்கிழமை மதியம் தோறும் ஒரு அப்பாவும் ஆறு வயது மகளும் வந்து பதினாலாம் மேசையில் உட்காருவார்கள். சமையலறையிலிருந்து கூடம் தெரியாது. தட்டு வைக்கிற ஜன்னல் வழியாக நாத்தனாரின் இடுப்பும் கையும் தெரியும், அவ்வளவுதான். ஆகவே அந்தக் குழந்தையை இரண்டு வருடமாக அவள் பார்த்ததே இல்லை. மெஷினிலிருந்து வந்து விழும் சீட்டாகத்தான் தெரியும். 'பதினாலு. எள் கூடாது. சாஸ் வேண்டாம். ஊறுகாய் வெள்ளரிக்காய் இரண்டு.'

குழந்தைக்கு எள் சேராது. சேராது என்றால் தும்மல், அரிப்பு என்கிற அளவில் இல்லை. முதல் நாளே அப்பா ஜன்னல் வரை வந்து குனிந்தார். அவருடைய வாயும் தாடையும் மட்டும் தெரிந்தன. "தொண்டை அடைச்சுக்கும்மா. மூச்சு நின்னுடும். ஒரு தடவை நின்னிருக்கு. இதுவரைக்கும் வெளியில எங்கயும் இவளுக்கு வாங்கிக் கொடுத்ததில்ல. உங்களால முடியுமா?" என்று கேட்டார்.

முடியாது என்று சொல்லியிருந்தால் பிழைத்தாள். அந்தக் குரலில் இருந்த கெஞ்சல் அவளை என்னவோ செய்தது. முடியும் என்றுவிட்டாள்.

கடையின் சாஸில் வறுத்து அரைத்த எள் இருந்தது. பார்த்தால் தெரியாது, பழுப்பாக, எல்லாச் சாஸையும் போலத்தான் இருக்கும். அதனால் அவள் ஒரு முறை வகுத்துக்கொண்டாள். கல்லின் இடது மூலை அந்தக் குழந்தைக்கு. அதற்கென்று தனிக் கரண்டி. பன் மூடி போட்ட தனி டப்பாவில். முழங்கை வரை கை கழுவிவிட்டுத்தான் தொடுவாள். செய்து முடித்ததும் உச்சியில் நீலக் காகிதக்கொடி ஒட்டிய குச்சி ஒன்றைக் குத்துவாள். மற்ற பர்கருக்கெல்லாம் வெறும் குச்சி. நீலக்கொடி வந்தால் நாத்தனார் வேறு எதையும் தொடாமல் அந்த ஒரு தட்டை மட்டும் கொண்டுபோய்க் குழந்தையின் முன்னால் வைக்க வேண்டும். இரண்டு வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூடப் பிசகவில்லை.

இறுதிப் போட்டி வந்தது. ஊர் அணியின் நிறம் நீலம்.

காலையிலேயே மேனேஜர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு அட்டைப்பெட்டியோடு சமையலறைக்குள் வந்தார். பெட்டி நிறைய நீலக்கொடிக் குச்சிகள். "இன்னைக்கு எல்லாப் பர்கருக்கும் கொடி" என்றார்.

அவளுக்கு அடிவயிறு கலங்கியது. "சார், நீலம் அந்தக் குழந்தைக்குள்ளதுங்க."

"அதுக்கு வேற நிறம் வச்சுக்கோங்க."

"சிவப்புதான் இருக்கு."

"எதிரணி நிறம். கடைக்குள்ள சிவப்பு தெரிஞ்சா கூரையைப் பிரிச்சிடுவாங்க." சிரித்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காதில் விழுவது மனசில் இறங்க நேரம் பிடிக்கும் ரகம்.

அவள் யோசித்தாள். நூற்றைம்பது பன் அறுக்கக் கிடந்தது. வெங்காயம் பாதியில் நின்றது. இன்னும் நாலு வார்த்தை பேசினால் உருளை சிரிப்பார், நாத்தனார் சிரிப்பாள். "அப்ப அந்தக் குழந்தைக்கு ரெண்டு கொடி குத்திடறேன்" என்றாள்.

"அதான் கெட்டிக்காரத்தனம்" என்றார் மேனேஜர்.

யோசனை அவளுடையது. இது நினைவில் இருக்கட்டும். அவளுக்குப் பிற்பாடு மறக்கவே இல்லை.

மதியம் கூடத்திலிருந்து வந்த இரைச்சலில் ஜன்னல் பலகை அதிர்ந்தது. சீட்டு வந்தபடி இருந்தது. கல்லில் ஒரே நேரத்தில் பதினாறு கறி. நடுவில் பதினாலு வந்தது. அவள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கை கழுவினாள், மூடியைத் திறந்தாள், இடது மூலையில் சுட்டாள். சாஸ் இல்லை, வெள்ளரிக்காய் இரண்டு, கொடி இரண்டு. ஜன்னலில் ஏற்கெனவே மூன்று தட்டு ஒற்றைக்கொடியோடு காத்திருந்தது. அவற்றுக்குக் கொஞ்சம் தள்ளி இதை வைத்து, சீட்டை அடியில் செருகி, மணி அடித்துவிட்டுத் திரும்பிக் கல்லைப் பார்த்தாள்.

அப்போதுதான் கூடம் வெடித்தது. கோல் விழுந்திருக்க வேண்டும். யாரோ ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. அவள் திரும்பவில்லை. கறி கருகிவிடும்.

கறியைப் புரட்டி முடித்துத் திரும்பியபோது ஜன்னலில் மூன்று தட்டுகள் இருந்தன. மூன்றிலும் இரண்டு இரண்டு கொடி.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தான்தான் அப்படிக் குத்திவிட்டோமோ என்று தோன்றியது.

"மேனேஜர் கூத்தைப் பார்த்தியா? ரெண்டாவது கோலுக்கு ரெண்டாவது கொடியாம். ஆடிக்கிட்டே வந்து ஒத்தைக்கொடி இருந்ததுல எல்லாம் இன்னொண்ணு குத்திட்டுப் போறாரு. தட்டையெல்லாம் வேற இழுத்து, சீட்டையும் கலைச்சு, வரிசையா அடுக்கினாரு" என்று உருளை சிரித்தார்.

பதினாலின் சீட்டு இல்லை. சீட்டோடு ஒரு தட்டும் போயிருந்தது. அவள் முதல் பன்னின் மூடியைத் தூக்கினாள். பழுப்புச் சாஸ். இரண்டாவது, சாஸ். மூன்றாவதில் சாஸ் இல்லை. இரண்டு வெள்ளரித் துண்டுகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

குழந்தையின் பர்கர் இங்கே இருந்தது. குழந்தையிடம் போனது எது?

மணியை அடி அடி என்று அடித்தாள். அந்த இரைச்சலில் மணி அவளுக்கே கேட்கவில்லை.

"அண்ணே, கல்லை அணைங்க" என்றாள்.

"என்னது?"

"அணைங்கன்னு சொல்றேன்ல." உருளை அணைத்தார். அவள் அதட்டி அவர் கேட்டதே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் போனாள். ஆட்ட நாளில் அவள் கூடத்துக்குப் போனதே கிடையாது. எள் விழ இடமில்லை என்பார்கள். அந்தச் சொல்லை நினைக்கவே அன்றைக்கு அவளுக்கு உடம்பு கூசியது. அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் நீலச் சட்டை. மேசைகளைச் சுவரோரமாகத் தள்ளியிருந்தார்கள். மேசை எண்கள் எதையும் காணோம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு எண்தான். அதையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

நாத்தனார் காலிக் கோப்பைகளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தாள். "அண்ணி, நீங்க எங்க இங்க?"

"பதினாலு எங்க?"

"கொடுத்தாச்சே. ரெண்டு கொடி பார்த்துத்தானே எடுத்தேன்."

"எல்லாத்துலயும் ரெண்டு கொடிடி. மேனேஜர் குத்திட்டாரு. நம்ம தட்டு உள்ளயே இருக்கு. அவளுக்குப் போனது சாஸ் போட்டது."

நாத்தனார் கோப்பைகளைக் கீழே இறக்கினாள். "நான் அவ முன்னால வைக்கல அண்ணி. கிட்டவே போக முடியல. அவ அப்பாகிட்டக் கொடுங்கன்னு ஒருத்தர் கையில கொடுத்தேன். கை மாறி மாறிப் போச்சு. அந்தப் பக்கம்" என்றாள். அவள் காட்டிய பக்கத்தில் நூறு முதுகுகள் இருந்தன.

"எவ்வளவு நேரமாச்சு?"

"இப்பதான். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம் இருக்குமா?"

அவள் கூட்டத்துக்குள் நுழைந்தாள். "குழந்தை, குழந்தை" என்று கத்தினாள். யாரும் திரும்பவில்லை. ஒருவர் அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். ஒரு முழங்கை அவள் கன்னத்தில் பட்டது. எதிரே திரையில் ஒருவன் பந்தை வெள்ளைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னால் நடந்துகொண்டிருந்தான். பெனால்டி. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையை மட்டும் பார்த்தது. இந்தக் கூட்டத்தில் அவள் செத்து விழுந்தாலும் ஆட்டம் முடிந்துதான் பார்ப்பார்கள்.

அப்படியானால் ஆட்டம் முடிய வேண்டும்.

திரும்பி ஓடினாள். சமையலறைக் கதவின் ஓரத்தில் மின்சாரப் பெட்டி இருந்தது. அதன் பக்கத்தில் நடக்கும்போதே தோளை ஒடுக்கிக்கொண்டு போகிறவள் அவள். ஈரக்கை. மூடியைத் திறந்தாள், பெரிய பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

ஒன்பது திரைகளும் கறுத்தன.

முதலில் அமைதி. பிறகு எழுந்த சத்தத்தில் அவளுக்குக் காது அடைத்தது. "எவன்டா அது" என்று நாலு பேர் அவளை நோக்கி வந்தார்கள். ஒருவன் அவள் மேலங்கியைப் பிடித்துவிட்டான். அவள் வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. பயத்தில் அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே, எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு குரலில் கத்தினாள்.

"எள்ளு சேராத குழந்தை எங்க? பர்கரைச் சாப்பிட விடாதீங்க. அதுல எள்ளு இருக்கு. குழந்தை செத்துப் போயிடும்."

பிடித்தவன் விட்டான். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல், அவளுக்குத் தெரிந்த குரல், உடைந்து வந்தது. "இங்க. இங்கதான் நின்னா. இப்ப இங்கதான் நின்னா."

எல்லாரும் குனிந்தார்கள். குழந்தை மேசைக்கு அடியில் இருந்தாள். இரைச்சல் பிடிக்காமல் தட்டோடு உள்ளே போய் உட்கார்ந்திருந்தாள். பர்கரில் இரண்டு கடி குறைந்திருந்தது. உதடு வீங்கிவிட்டது. கழுத்தைக் கையால் தடவிக்கொண்டு, எதுவும் பேசாமல், அப்பாவைப் பார்த்தாள். குழந்தை மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு பெரிய கூடத்தில் அந்த ஒரு சத்தம்தான் கேட்டது.

அப்பா பையிலிருந்து ஊசியை எடுத்தார். பேனா போல இருந்தது. அவருடைய விரல் மூடியைக் கழற்ற வராமல் வழுக்கியது. அவள் பிடுங்கிக் கழற்றிக் கொடுத்தாள். துணிக்கு மேலேயே தொடையில் குத்தி அழுத்தினார். நாத்தனார் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நூறு நீலச்சட்டைக்காரர்கள் தாங்களாகவே விலகி வாசல் வரை வழி விட்டு நின்றார்கள்.

ஒரு முகம் அது. நெற்றியில் ஒட்டிய முடி, முன்பல் ஒன்று விழுந்த இடம். அவள் மண்டியிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருமா? வந்தது. அதற்கடுத்தது? அதற்கு மேல் அவளுக்கு உலகத்தில் எதுவும் தெரியவில்லை. வண்டி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனபோது மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கண் மூடியிருந்தது.

அதற்குப் பிறகு கடையில் யாரும் சாப்பிடவில்லை. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. பெனால்டி உள்ளே போனதா என்று அவள் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை. மேனேஜர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, "கோல் போட்ட சந்தோஷத்துல... கோல் போட்ட சந்தோஷத்துல..." என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சமையலறையில் பன் அடுக்கி வந்த பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். நாத்தனார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கடைப் போன் அடித்தது. எடுக்க இருவருக்கும் பயமாக இருந்தது. ஆறாவது தடவை மணி அடித்தபோது நாத்தனார் எடுத்து, கேட்டு, அண்ணியின் காதில் வைத்தாள்.

"அம்மா, பொழைச்சுட்டா. ஒரு ராத்திரி வச்சுப் பார்த்துட்டு அனுப்பிடுவாங்களாம்" என்றார் அப்பா.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேலங்கியை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள்.

"நீங்க கரண்டை நிறுத்தலைன்னா நான் கீழ குனிஞ்சே பார்த்திருக்க மாட்டேன். ஆட்டத்தைப் பார்த்துட்டு நின்னேன். அதை நான் யார்கிட்ட சொல்ல?" அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இப்ப பசிக்குதுன்னு அடம். உங்க பர்கர்தான் வேணுமாம். அவளுக்கு வேற கடை எதுவும் தெரியாதும்மா."

அவள் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இனிமே அங்க போக முடியாதுன்னு சொல்லிட்டேன். உங்க மேல கோபமில்ல. ஆனா என்னால முடியாது. நான் சொன்னது சரிதானே?"

அது மேனேஜர் குத்திய கொடி என்று சொல்லலாம். தன் தட்டில் தவறில்லை, அது உள்ளேயேதான் இருந்தது என்று சொல்லலாம். சொன்னால் அவர் நம்புவார், ஒருவேளை திரும்பவும் கூட்டிக்கொண்டு வருவார். காலையில் அடிவயிறு கலங்கியதை அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டு வருடமாகக் கேட்டு வந்த பயத்தின் பேச்சை, நாலு பேர் சிரிப்பார்களே என்று அன்றைக்கு ஒரு நாள் அவள் கேட்கவில்லை.

"சரிதாங்க. கூட்டிட்டு வராதீங்க" என்றாள்.