படித்தவர்கள் கட்டைவிரல் போடவும்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில், "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்பதற்கு மேல் நாள் முழுக்க எதுவும் பேசாத அவளைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சிங்கம் அக்கா என்றார்கள். அட்மின் அவள்தான், முகப்புப் படத்தில் ஒரு சிங்கம். அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் உள்ளே ஓர் இனிப்பு ஊறும். அதைப் பொதுநலம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் நின்றபோது குழு பொங்கியது. 'ரத்தம் கொதிக்கிறது' என்று எழுதினார் மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார், பக்கத்தில் வரிசையாகத் தீ ஜுவாலை. கொதித்த ரத்தம் சாயங்காலத்துக்குள் ஆறி, மெத்தை எந்தக் கடையில் மலிவு என்று விசாரிக்கப் போய்விட்டது. ஐந்தாம் மாடியில் அவளுடைய அம்மா மட்டும் முழங்கால் வலியோடு அடைபட்டுக் கிடந்தாள். கண் அறுவைக்குக் குறித்த நாளை ஒருமுறை தள்ளிப்போட்டாயிற்று. "இறங்கிடுவேன்டி, ஏறுறது யாரு?" என்பாள்.

ஞாயிறு காலை வருவதாக உரிமையாளரின் மேலாளர் ஒப்புக்கொண்டார். பத்துப் பேராவது நேரில் நின்று சொன்னால்தான் முதலாளி காதில் போடுவாராம். குழுவில் போட்டாள். கட்டைவிரல்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

"படையே வருதும்மா" என்றாள்.

அம்மா அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது. மூடிய லிஃப்டுக்கு முன்னால் மேலாளரும் அவளும் மட்டும் நின்றார்கள்.

"நீங்க மட்டுந்தானா?"

அவள் போனைக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"விரலெல்லாம் வந்திருக்கு. ஆளைக் காணோமே! வண்டியில இருக்கேன். சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

அப்போதுதான் உறைத்தது. காலை வணக்கப் பூக்களின் தொல்லை தாங்காமல், 'படித்தவர்கள் கட்டைவிரல் மட்டும் போடவும்' என்று சட்டம் போட்டவளே அவள்தான். படித்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

'உடனே கீழே வாருங்கள்' என்று தட்டிவிட்டுப் படியேறினாள். அனுப்பிய கணமே இரண்டு பக்கக் கதவுகளுக்குப் பின்னாலும் டிங், டிங் என்று சத்தம். எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு தாழ்ப்பாளும் அசையவில்லை.

மூன்றாம் மாடியில் கதவைத் தட்டினாள். அரைக்கால் சட்டையும் கையில் போனுமாக வாத்தியார் திறந்தார்.

"யாருங்க வேணும்?"

"நான்தான்... சிங்கம்." வாய்விட்டுச் சொன்னபோது அவளுக்கே கூசியது.

"அடடா, சிங்கம் அக்காவா! நான் உங்க ரசிகன்!"

"மேனேஜர் கீழ நிக்கறார். ஒரு நிமிஷம் வாங்க சார்."

"குரூப்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்களேன். எல்லாருமா வந்துடறோம்."

அவரை என்ன சொல்ல? லிஃப்ட் ஓடிய நாட்களில் இவரோடு எத்தனை முறை தோளுரச நின்றிருப்பாள். இருவரும் குனிந்து அவரவர் போனில் அநியாயத்தைத் தட்டிக்கேட்டிருப்பார்கள்.

அம்மா செருப்போடு நாற்காலியில் காத்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"உன் படை?"

"படிச்சிட்டாங்கம்மா."

"கிழிச்சாங்க. கையைப் பிடி."

முதல் படியில் உட்கார்ந்தாள் அம்மா. அங்கிருந்து குழந்தையைப் போல ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கினாள். ஒவ்வொன்றுக்கும் "அய்யோ" என்ற அலறல் மாடிகளில் எதிரொலித்தது. இப்போது தாழ்ப்பாள்கள் அசைந்தன. கதவுகள் திறந்தன. கையை நீட்டினார்கள், ஒவ்வொரு கையிலும் ஒரு போன். வாத்தியார் நல்ல கோணம் தேடிப் பின்பக்கமாகவே படியிறங்கினார். "பாட்டி, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்றது ஒரு குரல்.

"தூக்கிவிடத் துப்பில்ல, படம் ஒரு கேடா?" என்றாள் அம்மா. அதுவும் பதிவாயிற்று.

கீழே வந்து சேர்ந்தபோது மேலாளர் வண்டியிலிருந்து இறங்கினார். மூதாட்டிக்குப் பின்னால் வாசல் நிறையக் கூட்டம், அத்தனை போன்களும் அவர் முகத்துக்கு நேராக. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நாளைக்கே மெக்கானிக் வருவாரு" என்றார், கேமராக்களைப் பார்த்து.

அன்றிரவு அம்மா கீழ்வீட்டு வாடகைக்காரியின் கூடத்தில் படுத்தாள். இடுப்பு வீங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மருந்து தேய்த்துக்கொண்டிருந்தவளின் போன் அதிர்ந்தது. 'நம் வெற்றி!' என்று வாத்தியார் வீடியோவைப் போட்டிருந்தார். கீழே இதயங்கள். 'வழிநடத்திய சிங்கம் அக்காவுக்கு நன்றி.' அதற்கும் கீழே ஒரு கேள்வி: 'பாவம், யார் இந்தப் பாட்டி? நம்ம பில்டிங்கா?'

அந்த இனிப்பு மறுபடி ஊறப் பார்த்தது. அவள் அம்மாவின் வீங்கிய இடுப்பைப் பார்த்தாள். மருந்துப் பிசுக்கு ஒட்டிய விரலால் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டாள்.

பிறகு அட்மின் பொறுப்பை வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினாள்.