இடம் மாறிய பாலம்

கொரோனா முடக்கத்தில் பலருக்கு வேலை போனபோது, ஊர்ப் பணிகளைத் தொடங்கி ஆட்களுக்கு வேலை கொடுங்கள் என்று மத்திய அரசு நகர சபைகளுக்கு ஊக்க நிதி கொடுத்தது. ஆக்லாந்தின் ரானுயிப் பகுதியில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், ஓடைக்குக் குறுக்கே நடைபாலம் கட்டும் திட்டம் அப்படித்தான் வந்தது. நகர சபையில் அதற்குப் பொறுப்பாளர் பூங்கோதை. திருச்சியில் படித்து, ஆக்லாந்துக்கு வந்து பத்து வருடம் ஆன பொறியாளர்.

வேலை தொடங்குவதற்கு முன்பே ஜனவரிப் பெருவெள்ளம் வந்தது. அனுமதி கிடைத்திருந்த இடம் ஆளுயரத்துக்கு மேல் தண்ணீரில் முழுகிப் போனது. பூங்கோதை தெருத் தெருவாகப் போய் அங்கிருப்பவர்களிடம் கேட்டாள். கரை உயரமாக இருக்கும் மேல்பக்கம் கட்டலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கேயே கட்டி முடித்தாள். பணம் கொடுத்த அமைச்சகத்தை மட்டும் கேட்கவில்லை. அதே ஓடை, அதே பாலம், கொஞ்சம் தள்ளி வைப்பதற்கு என்ன அனுமதி என்று இருந்துவிட்டாள்.

வேலி எடுத்து, மக்கள் நடக்கத் தொடங்கிய பிறகு நிதி ஒப்பந்தத்தை மறுபடி படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. இடம் மாறினால் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். இல்லையென்றால் அமைச்சகம் நிதியைத் திருப்பிக் கேட்கலாம். நிதி எப்படிச் செலவானது என்று பார்க்கும் அதிகாரி அடுத்த வாரம் வருவதாக இருந்தது.

"அவர் வந்து பார்த்துக்கட்டும். நீயா ஏன் வாயைக் கொடுக்கற?" என்றான் கணவன் வெற்றி.

"அவரா கண்டுபிடிச்சா, நான் மறைச்ச மாதிரி ஆயிடும் வெற்றி."

மறுநாள் காலை அந்த அதிகாரிக்குப் போன் செய்தாள். பெயர் தியாகலிங்கம், லின்ஃபீல்டில் வசிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். ஆங்கிலத்தில் தொடங்கிய பேச்சு, அவள் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறியது.

"உங்ககிட்ட கொஞ்சம் பேசணும் சார்."

அவர் குரல் மாறியது.

"என்னைப் பேசுறதுக்கு நான் என்ன பிழை விட்டனான்?"

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது என்று பூங்கோதைக்குத் தெரியாது. அவள் திணறியதைக் கேட்டு அவரே சிரித்துவிட்டார். "ஓ, கதைக்கவேணும் எண்டு சொல்லுறியள். சரி, கதையுங்கோ."

அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிப்பு நின்றது.

"நீங்களே சொன்னது நல்லது. ஆனா சொன்னதால பிழை சரியாகாது. நான் வந்து பாக்கிறன்."

அவர் வந்த அன்று தூறிக்கொண்டிருந்தது. குட்டையான, நரைத்த மனிதர். காலில் சேற்றுக்கான பூட்ஸ். பூங்கோதை வரைபடத்தை விரித்தபோது, "அது பிறகு. பாலத்தால ஸ்டேஷனுக்குப் போற ஆக்கள் எந்தத் தெருவில இருந்து வருவினம்? அங்க இருந்து நடப்பம்" என்றார்.

பாலத்தில் ஒப்பந்தக்காரரின் ஆள் சியோனே கைப்பிடிக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். மங்கரே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிய வேலை முடக்கத்தில் போய், இந்தப் பாலத்துக்கு வந்தவன். "இப்போது எனக்கு நிரந்தர வேலை" என்று தூரிகையை உயர்த்திக் காட்டினான். தியாகலிங்கம் தலையசைத்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது மின்சாரச் சக்கர நாற்காலியில், மழைக்கோட்டும் சிவப்புத் தொப்பியுமாக ஒரு மாவோரிப் பழங்குடிப் பெண் வந்தாள். மெரியானா. பக்கத்துத் தெருவில் இருப்பவள். தியாகலிங்கம் யார், எதற்கு வந்திருக்கிறார் என்று பூங்கோதை அவளிடம் சொன்னாள்.

"பழைய இடத்தில் கட்டியிருந்தால்?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

மெரியானா பதில் சொல்லாமல் கீழ்ப்பக்கம் கைகாட்டினாள். ஒரு மரத்தின் உச்சிக் கிளையில் வெள்ளம் கொண்டுவந்த குழந்தைச் சைக்கிள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "அங்கே பாலத்துக்கு ஏறப் படிகளும் வந்திருக்கும்" என்றாள். "இங்கே படி இல்லை. போன வாரம் முதல்முறையாகத் தனியாக ரயில் ஏறி, பாட்டுக் குழுவுக்குப் போனேன். என் அண்ணன் துணைக்கு வருகிறேன் என்றான். அவனை விட்டுவிட்டுப் போய்விட்டேன்!" அவள் சிரித்த சிரிப்பில் சியோனேயும் சேர்ந்துகொண்டான்.

பிறகு அவள், "ஒரே ஒரு குறை" என்று நாற்காலியை ஓட்டிக் காட்டினாள். பாலம் முடிந்து பாதை தொடங்கும் இடத்தில் தூக்கி நின்ற விளிம்பில் சக்கரம் மோதித் துள்ளியது. பூங்கோதைக்கு முகம் சுருங்கியது. எத்தனையோ தடவை நடந்திருக்கிறாள். காலுக்கு அது தெரியவில்லை.

தியாகலிங்கம் ஈரத் தரையில் முழங்காலிட்டு விளிம்பைத் தடவிப் பார்த்தார். எழுந்தபோது அவர் காற்சட்டை முழுவதும் சேறு.

"வடிவாக் கேளுங்கோ, கவனமாக் கேளுங்கோ" என்றார் பூங்கோதையிடம். "இந்தக் காசு என்னத்துக்குத் தந்தது? சனத்துக்கு வேலை வேணும், எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போக வேணும். ரெண்டும் நடந்திருக்கு. இடம் ஏன் மாறினது எண்டு நீங்கள் உள்ளபடி எழுதுங்கோ, கேக்காமல் செய்தது பிழை எண்டும் எழுதுங்கோ. நான் கண்டதை நான் எழுதுறன். முடிவு எடுக்கிறது மேலிடம். ஆனா இந்த விளிம்பு சரியாகாமல் நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

"நாளைக்கே சரி பண்ணிடறோம் சார்!"

சரி பண்ணினார்கள். மெரியானா மூன்று முறை ஓட்டிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திய பிறகுதான் சியோனே கருவிகளை எடுத்து வைத்தான்.

அடுத்து வந்த வாரங்களில் பூங்கோதைக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் தியாகலிங்கத்திடமிருந்து போன் வந்தது. "ஒப்புதல் கிடைச்சிட்டுது. இனிமேல் கேக்காமல் எதையும் மாத்தாதேங்கோ. மாத்தினால் உண்மையிலேயே பேசுவன்." அலுவலகத்திலேயே அவள் கூவிவிட்டாள். பக்கத்து மேசைக்காரர் காப்பியைக் கொட்டிக்கொண்டார்.

திறப்பு விழா சனிக்கிழமை. வெயில் கண்ணைப் பறித்தது. பிரமுகர் ரிப்பனை வெட்டுவதற்குள் பள்ளிப் பிள்ளைகள் அதன் அடியில் புகுந்து ஓடிவிட்டார்கள். மெரியானாவின் பாட்டுக் குழு பாடியது. பாலத்தின் நடுவில் தியாகலிங்கமும் மனைவி சரோஜாதேவியும் நின்று தாளத்துக்குக் கைதட்டினார்கள். அவர் தாளம் தப்பித் தப்பித் தட்டினார்.

வெற்றியும் மகள் தாரிணியும் நியூ லின் வீட்டிலிருந்து ரயிலில் வந்திருந்தார்கள். விழா முடிந்ததும் தாரிணி, "மம், கம் ஆன், ட்ரெயின்!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். பூங்கோதை தன் பாலத்தின்மேல் ஓடினாள். மூவரும் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார்கள். ஹெண்டர்சன் தாண்டும்போது வெற்றி மெல்லக் கேட்டான்.

"ஆமா, காலைல நீ கார்லதானே வந்த?"

தாரிணி தொடங்கிய சிரிப்பு வண்டி நியூ லின் வந்து சேரும்வரை அடங்கவில்லை.