நாற்பது ஓம்

இரண்டாவது முறையும் கார் பூந்தோட்டம் ஊரைத் தாண்டித்தான் நின்றது. ஒரு பக்கம் அரசலாறு கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. மறுபக்கம் சம்பா வயல்களில் வரப்பு தெரியாமல் மழைத் தண்ணீர். டாஷ்போர்டு விளக்குகள் அத்தனையும் ஒன்றாக எரிந்தன, இன்ஜின் அடங்கியது, ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. அனுராதா பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்து, ஆற்றுப் பக்கம் போகாமல் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினாள். ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆயிற்று. சீர்காழிக்கு அம்மாவைப் பார்க்கப் போகிற எண்ணத்தை விட்டுவிட்டு, திருவாரூரில் கிளமென்டின் பட்டறைக்குத் திருப்பினாள்.

அவள் கொரடாச்சேரிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். கணவன் பிரபுவுக்குத் தோஹாவில் வேலை. திருவாரூர் வீட்டில் அவளும் மாமனார் தியாகராசனும்தான். போன லீவில் வந்தபோது பிரபு இந்தக் காரை வாங்கிக் கொடுத்தான். பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்றான். கொடுத்துவைத்தவள் என்று ஊர் பேசியது.

கிளமென்ட் குவைத்தில் கார் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவர். அவர் மகள் லின்சி அனுராதாவிடம் படித்தவள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்.

"யூ-ன்னு ஆரம்பிக்கிற எரர் கோடு டீச்சர். வண்டிக்குள்ள இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒண்ணு, ஸ்டியரிங்குக்கு ஒண்ணுன்னு இருக்கு. எல்லாம் முறுக்கின ரெண்டு ஒயர்லதான் பேசிக்கும். அந்தப் பேச்சு நடுவுல அறுந்துபோயிருக்கு."

"எதனால?"

"பாத்துடலாம்." பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு ஒயர்களுக்கும் நடுவே மீட்டரை வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். "அறுபது ஓம் காட்டணும். நாப்பது காட்டுது."

"ஏன் அறுபது?"

"லைனோட ரெண்டு முனையிலயும் நூத்தியிருபது ஓம்ல ஒவ்வொரு ரெசிஸ்டர் இருக்கும்."

அனுராதாவுக்குக் கணக்குப் போட நேரமாகவில்லை. வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிற கணக்கு அது. "பக்க இணைப்புல ரெண்டு இருந்தா அறுபது. நாப்பதுன்னா மூணு இருக்கு கிளமென்ட் சார்."

"கம்பெனி வச்சது ரெண்டுதான்."

அப்போது அவள் போன் அடித்தது. பிரபு. வேலை நேரத்தில் அவன் கூப்பிடுவதில்லை.

"பட்டறையில என்ன பண்ற?" என்றான்.

கார் நின்றதையோ பட்டறைக்கு வந்ததையோ அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. "உங்களுக்கு யாரு சொன்னா?"

"பேட்டரிய எதுக்குக் கழட்டுறாங்க? மாட்டச் சொல்லிட்டு நேரா வீட்டுக்குப் போ. அப்பா ஆள் வச்சுப் பாத்துக்குவார்." குரலில் கோபம் இல்லை. பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

"சார், உள்ள என்னமோ இருக்கு. தேடுங்க" என்றாள்.

டாஷ்போர்டின் அடித்தட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்ததில் தெரிந்தது. தீப்பெட்டி அளவில் கறுப்புப் பெட்டி ஒன்று, டேப் சுற்றி, உள்ளே தள்ளி ஒட்டப்பட்டிருந்தது. பேட்டரி இல்லாமலேயே அதில் ஒரு பச்சை விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது.

"வண்டி எங்க நிக்குது, எங்க போவுதுன்னு போனுக்குச் சொல்ற சாமான். தனக்குன்னு சின்ன பேட்டரி வச்சிருக்கு. நாம ஒயரைக் கழட்டின உடனே போன் பண்ணினவருக்கு மெசேஜ் போயிருக்கும். மூணாவது ரெசிஸ்டர் இதுக்குள்ளதான் இருக்கணும். மட்டமான சாமான், மட்டமான ஜாயிண்ட்." பெட்டியிலிருந்து போன இன்னொரு ஒயரை விரலால் தொடர்ந்து போனவர் பேச்சை நிறுத்தினார்.

"என்ன சார்?"

"இது பெட்ரோல் பம்ப்பு லைன்ல ஒரு ரிலே சுவிட்சுக்குப் போவுது. எங்கேருந்து வேணாலும் போன்லயே வண்டிய நிறுத்தலாம்."

மழை தகரக் கூரையில் விழத் தொடங்கியிருந்தது. சீட் கவர் போடவேண்டும் என்று மாமனார் காரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், ஒரு ராத்திரி அங்கேயே விட்டுவைத்தது அவள் நினைவுக்கு வந்தது.

"அப்ப ஆத்தோரம் தானா நின்னுச்சா, இல்ல எங்க வீட்டுக்காரர் நிறுத்துனாரா?"

"ஜாயிண்ட் மோசம், தானாவும் நிக்கும். என்னால அடிச்சுச் சொல்ல முடியாது டீச்சர்."

பள்ளிக்கூடத்துக்கு மழையிலும் வெயிலிலும் தினம் ஓட்டுகிறாள். ஒரு நாள்கூட நின்றதில்லை. நின்ற இரண்டு தடவையும் அம்மா வீட்டுக்குப் போகிற சாலையில். இரண்டு தடவையும் முந்தின நாள் போனில் பிரபுவோடு சண்டை. ஆறு அவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்பது அவனுக்கு அங்கே தெரிந்திருக்குமா? தெரிந்துதான் செய்தானா? அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எடுத்துடுங்க" என்றாள் கடைசியில்.

கிளமென்ட் பெட்டியையும் ரிலேயையும் எடுத்து, வெட்டுப்பட்ட ஒயர்களைச் சாலிடர் வைத்து மூடி, மறுபடி அளந்தார். அறுபது காட்டியது. பேட்டரியை மாட்டி, ஸ்கேனரில் எரர் கோடை அழித்தார். திரும்ப வரவில்லை. முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. அதற்குள் அவள் போன் பலமுறை அடித்து ஓய்ந்திருந்தது.

"வீட்டுக்கா போறீங்க?"

"இல்ல. அம்மாகிட்ட."

"லின்சியக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"வேணாம் சார். அவளுக்கு எதுக்கு."

அரசலாற்றங்கரை வந்தபோது இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டாள். கார் தயங்காமல் போயிற்று. பேரளம், மயிலாடுதுறை. வைத்தீஸ்வரன்கோயில் தாண்டியதும்தான் தோள் இறங்கியது.

அம்மா வீட்டு வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஹாலில் மின்விசிறிக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் தியாகராசன் உட்கார்ந்திருந்தார். சட்டை காய்ந்திருந்தது. வந்து நேரமாகியிருக்க வேண்டும். அம்மா சமையலறை நிலையில் சாய்ந்து நின்று மகளையே பார்த்தாள்.

"வாம்மா" என்றார் அவர். "நீ இங்கதான் வருவேன்னு பிரபு மத்தியானமே சொன்னான். பஸ் ஏறி வந்துட்டேன். நாளைக்கு ராத்திரி அவனும் வர்றான்."

அனுராதா செருப்பைக் கழற்றவில்லை. "திருவாரூருக்கு இன்னும் பஸ் இருக்கு மாமா. ஸ்டாண்டுல கொண்டு விடறேன், எந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அம்மா பக்கம் திரும்பி, தனக்கு ராத்திரிக்கு இட்லி போதும் என்றார்.